அலுமாரியில் கிடந்த காது கிளினிக் துண்டு

அன்புள்ள தினேஷ்,

போன ஞாயிற்றுக்கிழமை நீயும் ஷாலினியும் மித்ராவும் வத்தளைக்குத் திரும்பிப் போன பிறகு, மித்ரா படுத்திருந்த தலையணையின் உறையை நான் துவைக்கப் போடவில்லை. ஒரு பொலித்தீன் பையில் சுற்றி அலுமாரியில், வரி கட்டிய ரசீதுத் துண்டுகளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். உன் அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால், அப்பாவுக்கு மூளை குழம்பிவிட்டது என்று உனக்குப் போன் எடுத்திருப்பாள். குழம்பித்தான் இருக்கிறேன், அதில் பொய்யில்லை. மாநகரசபையில் எழுதுவினைஞராக வேலை பார்த்த காலம் முழுக்க ஒரு காகிதத்தைக்கூடத் தொலைத்ததில்லை என்று பிரியாவிடையன்று மேடையில் நின்று பெருமையடித்தவன் நான். இன்றைக்கு ஐந்து வயதுப் பேத்தியின் தலையணை உறையை வழக்குச் சாமான் மாதிரி பூட்டி வைத்து, அம்மா இல்லாத நேரம் பார்த்து எடுத்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒருநாள் அந்தப் பழைய வாடை அடிக்கிறது. மறுநாள் எடுத்தால் சவர்க்காரமும் குழந்தையின் தலை எண்ணெயும்தான் மணக்கின்றன. என் மூக்கை நம்புவதா வேண்டாமா என்று எனக்கே தெரியவில்லை.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். உன்னிடம் போனில் முக்கியமான விஷயம் சொல்ல எனக்குப் பயம். நீ வலது காதில் வைத்துத்தான் பேசுகிறாய், நன்றாகக் கேட்கிறது என்பதெல்லாம் தெரியும். ஆனால் பாதி கேட்காவிட்டாலும் “சரிப்பா, சரிப்பா” என்று சொல்லி வைத்துவிடும் பழக்கம் உன்னிடம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பழகிக்கொண்டது அது. நீ பேசாமல் இருக்கும்போது கேட்கவில்லையா, கேட்டும் பதில் சொல்லப் பிடிக்கவில்லையா என்று உனக்கு முப்பத்துமூன்று வயதாகியும் எனக்குப் பிடிபட்டதில்லை. கடிதம் என்றால் அந்தச் சந்தேகம் இல்லை. வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்று பார்த்தால் என் விரல் ஒரு எழுத்தைத் தொட்டால் மூன்று எழுத்து விழுகிறது. அதனால் பொறுமையாக வாசி. முன்னுக்குப் பின் முரணாக எழுதுவேன், அதையும் பொறுத்துக்கொள்.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் நடந்தது உனக்கு நினைவிருக்கும். நேர்சரியில் மித்ரா கவனிப்பதில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று மிஸ் சொன்னதாக ஷாலினி சொன்னாள். நீ உடனே, வீட்டில் எல்லோரும் தமிழ் பேசுவதால் பிள்ளைக்கு இங்கிலீஷ் விளங்கவில்லை, அதனால் இனி இரவுச் சாப்பாடு வரைக்கும் வீட்டில் இங்கிலீஷ் மட்டும்தான் என்று சட்டம் போட்டிருப்பதாகச் சொன்னாய். அதோடு விட்டாயா? “பிடிவாதம்ப்பா அவளுக்கு. கேட்டும் கேக்காத மாதிரி இருப்பா” என்று சிரித்தாய். அதே வார்த்தையை அதே சிரிப்போடு நான் உன்னைப் பற்றி எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். பிறகு, தடிமனும் சளியும் பிடிக்கும்போதெல்லாம் பிள்ளைக்கு இடது காதில் சீழ் வடிகிறது, டாக்டர் கொடுக்கும் சொட்டு மருந்துக்கு நிற்கிறது, மறுபடி வருகிறது, இந்த வருடத்தில் இது மூன்றாவது தடவை என்று ஷாலினி சொன்னாள். நீ என் பக்கம் திரும்பிக் கேட்டாய், “எனக்கு எப்படிப்பா தொடங்குச்சு?” நான் வாயைத் திறந்தேன். அதற்குள் உன் அம்மா, “என் எண்ணெய்லதான் தம்பி தொடங்குச்சு” என்று சொல்லிவிட்டு, கறிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போய்விட்டாள். நீ, பழசை விடுங்கம்மா என்றாய். நான் ரசம் ஊற்றச் சொன்னேன். ஆமாம், அந்த நேரத்தில் நான் செய்த காரியம் அதுதான், ரசம் கேட்டேன்.

உன் அம்மா சொன்னது பொய் என்று சொல்லவில்லை. அவள் எண்ணெய் விட்டது உண்மை. உனக்கு நாலு வயதிருக்கும். ஹந்தானை வீதியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்குச் சாயந்திரமானால் மேலேயிருந்து பனி இறங்கி வரும். உனக்குத் தடிமன் நின்ற நாளே கிடையாது. ஒருநாள் முழுக்கக் காதைப் பிடித்துக்கொண்டு கத்தினாய், மறுநாள் இடது காது உடைத்து வடிந்தது, வலி போய்விட்டது. வலி போனதும் எங்களுக்கும் கவலை போய்விட்டது. அம்மா தேங்காயெண்ணெயில் வெள்ளைப்பூண்டு போட்டுக் காய்ச்சி, ஆறவைத்து, இரண்டு சொட்டு விட்டாள். அந்த நாளில் அந்த வீதியில் அப்படிச் செய்யாத தாய் யார்? வடிவதை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் மூளைக்கு ஏறிவிடும், வடிந்தால்தான் நல்லது என்று சொல்லாத ஆள் யார்? நானும் சொன்னேன். பஞ்சை உருட்டிக் காதில் வைத்து உன்னை அனுப்பினோம். தலையணை நாறும். தினமும் உறையை மாற்றுவதை ஒரு வைத்தியம் மாதிரி செய்துகொண்டிருந்தோம்.

இப்போது சிங்களத்துக்கு வருகிறேன். உன்னை நான் ஏன் பள்ளிக்கூடத்தில் சிங்கள மொழிமூலம் சேர்த்தேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. மடுல்கெல்லயில் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்து, கண்டி டவுனில் ஒரு கதிரையும் மேசையும் பிடித்தவன் நான். கந்தோரில் சிங்களம் தடுமாறியதால் எனக்குப் பின்னால் வந்தவர்கள் எனக்கு முன்னால் போனதைப் பார்த்திருக்கிறேன். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. அது யுத்தம் நடந்த சோதனைச் சாவடிக் காலம். பஸ்ஸை நிறுத்தி இறங்கச் சொல்லும்போது, அடையாள அட்டையை நீட்டிவிட்டு, கேட்ட கேள்விக்குச் சிங்களத்தில் பதில் சொல்லத் தடுமாறுவேன். என் மகன் அந்த இடத்தில் சுத்தமான சிங்களத்தில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு நிம்மதியாக ஏறி உட்கார வேண்டும் என்று நினைத்தேன். இன்றும் அது தப்பான ஆசை என்று எனக்குத் தோன்றவில்லை. சில நாள் தோன்றுகிறது. இதிலும் எனக்குத் தெளிவில்லை.

இரண்டாம் ஆண்டில் உன் டீச்சர் என்னை அழைத்தார். நல்ல மனுஷி. பிள்ளை அமைதியாக இருக்கிறான், சண்டை பிடிப்பதில்லை, ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் வருவதில்லை, சொல்வதெழுதுதலில் பாதிதான் எழுதுகிறான், வீட்டில் சிங்களம் பேசாததால் விளங்கவில்லை போலிருக்கிறது என்றார். எனக்கும் அது அச்சொட்டாகப் பொருந்தியது. வேறொரு காரணம் இருக்கலாம் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. தமிழ்ப் பிள்ளைக்குச் சிங்கள வகுப்பில் விளங்கவில்லை என்றால் அதற்கு மேல் யார் என்ன யோசிப்பார்கள்? அன்றைக்கே வீட்டில் ஒரு சட்டம் போட்டேன். பின்னேரம் ஆறு மணியிலிருந்து ஏழு மணி வரைக்கும் வீட்டில் சிங்களம் மட்டும். உன் அம்மாவுக்குச் சந்தையில் மரக்கறி வாங்கும் அளவுக்குத்தான் சிங்களம் தெரியும். அந்த ஒரு மணி நேரமும் அவள் வாயை மூடிக்கொண்டு குசினியில் நிற்பாள். கூடத்தில் நான் கதிரையில், நீ கீழே பாயில். நான் சிங்களப் பத்திரிகையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வசனமாக வாசிப்பேன், நீ எழுத வேண்டும். என் கதிரை ஜன்னல் பக்கம், வெளிச்சத்துக்காக. அதாவது உனக்கு இடப்பக்கம். இதை எழுதும்போது கை நின்றுவிட்டது. அந்தக் கதிரையைத் தூக்கி மறுபக்கம் போட எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

இனி எழுதப் போவது உனக்கு நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை. இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன், அதே நேரம் உனக்கு நினைவிருந்து நீ என்னைத் திட்டிவிட்டால் நல்லது என்றும் இருக்கிறது. ஒருநாள் நான் வாசிக்க வாசிக்க நீ எழுதாமல் பென்சிலைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாய். எழுதுடா என்று சிங்களத்தில் அதட்டினேன். நீ மெதுவாக, தமிழில், “அப்பா, இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க” என்றாய். வலது கையால் பாயைத் தட்டிக் காட்டினாய். அப்படித் தெளிவாகச் சொன்னாய், தினேஷ். ஏழு வயதுப் பிள்ளை, டாக்டர் கண்டுபிடிக்க வேண்டியதைத் தானே கண்டுபிடித்து என்னிடம் சொன்னது. நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஏழாக இன்னும் இருபது நிமிடம் இருந்தது. “சிங்களத்துல சொல்லு” என்றேன். உனக்கு அதைச் சிங்களத்தில் சொல்லத் தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் பயந்துவிட்டாய். குனிந்து பாதி வசனத்தை எழுதினாய். அதற்குப் பிறகு நீ அதை எந்த மொழியிலும் சொல்லவில்லை. தலையாட்டக் கற்றுக்கொண்டாய்.

நாலாம் ஆண்டு முடிகிற நேரத்தில் நாற்றம் பொறுக்க முடியாமல், மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் இருந்த டாக்டரிடம் உன்னை நான் தனியாகக் கூட்டிப்போனேன். அன்று அம்மாவுக்குக் காய்ச்சல். அவர் லைட் அடித்து நிறைய நேரம் பார்த்தார். செவிப்பறையில் மேல் பக்கம் ஓட்டை இருக்கிறது, உள்ளே வெள்ளையாக ஏதோ வளர்ந்திருக்கிறது, இதைச் சொட்டு மருந்தால் சமாளிக்க முடியாது, பெரிய ஆஸ்பத்திரியில் காது கிளினிக்குக் கொண்டுபோங்கள் என்று ஒரு துண்டு எழுதித் தந்தார். ஒப்பரேஷன் தேவைப்படலாம் என்றும் சொன்னார். வருகிற கிளினிக் நாளுக்கே போகச் சொன்னார். நான் துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு எட்டு மாதம் இருந்தது. கிளினிக் நாளில்தான் உன் பரீட்சை வகுப்பும் இருந்தது. கந்தோரில் விசாரித்தால் ஒருவர், காதில் கை வைத்தால் இருக்கிற காதுக் கேள்வியும் போய்விடும் என்றார். இன்னொருவர் தன் உறவுக்காரப் பிள்ளைக்குப் பெரியவனானதும் தானாகவே நின்றுவிட்டது என்றார். எனக்கு எது பிடித்ததோ அதை நம்பினேன். பரீட்சை முடிந்ததும் முதல் வேலை இதுதான் என்று மனதுக்குள் தீர்மானம் எழுதிக் கையெழுத்தும் போட்டு, துண்டை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். டாக்டர் என்ன சொன்னார் என்று அம்மா கேட்டாள். மருந்து தந்தார் என்றேன்.

இந்த நாட்டில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்குப் பரீட்சை முடியும் வரைக்கும் காய்ச்சல்கூட வரக் கூடாது, உனக்குத் தெரியும். நீ பரீட்சை எழுதினாய், வெட்டுப்புள்ளி எடுக்கவில்லை. அது கிடக்கட்டும். பரீட்சை முடிந்த மறு கிழமை, காலையில் அம்மா தந்த தேத்தண்ணி உன் வாயின் ஓரத்தால் வழிந்து சட்டையில் ஊற்றியது. சின்னப் பிள்ளை மாதிரிக் குடிக்கிறாயே என்று நான் கேலி செய்தேன். நீ சிரித்தாய். உன் முகத்தில் பாதிதான் சிரித்தது. இடது கண்ணை மூடச் சொன்னேன், மூடவில்லை. அம்மா கோப்பையைக் கீழே போட்டுவிட்டு உன் கன்னத்தைத் தேய்க்கத் தொடங்கினாள், தேய்த்தால் நேராகிவிடும் என்று நினைத்தவள் மாதிரி. த்ரீவீல் பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வழி நெடுக நீ தலை சுற்றுகிறது என்றாய்.

வார்டில் இருந்த பெண் டாக்டர் எங்களை உட்கார வைத்து ஒரு தாளில் படம் கீறி விளங்கப்படுத்தினார். நாட்பட்ட காது வியாதியில் சிலருக்குத் தோல் உள்நோக்கி வளர்ந்து உருண்டையாகச் சேர்ந்துவிடும், அது பக்கத்திலிருக்கும் எலும்பை அரிக்கும், கேட்பதற்கு இருக்கும் குட்டி எலும்புகளை முதலில் தின்றுவிடும், முகத்தை அசைக்கும் நரம்பு அந்த வழியாகத்தான் போகிறது, அதையும் அமுக்கிவிட்டது, இன்னும் கொஞ்சம் மேலே போனால் மெல்லிய எலும்பு, அதற்கு அப்பால் மூளை என்றார். நல்ல வேளையாக அங்கே போகவில்லை என்றார். பிறகு என்னைப் பார்த்து, இதற்கு முன்னால் யாரும் கிளினிக்குக்கு அனுப்பவில்லையா என்று கேட்டார். நான் இல்லை என்றேன். பச்சைப் பொய். என் பக்கத்தில் நின்ற உன் அம்மா, தனக்குத் தெரிந்த உடைந்த சிங்களத்தில், நான்தான் எண்ணெய் விட்டேன் மிஸ் என்று சொல்லி அழுதாள். எண்ணெய் விடக் கூடாது என்று டாக்டர் சொன்னார். அவ்வளவுதான் அவர் சொன்னது. எண்ணெயால்தான் இது வந்தது என்று அவர் சொல்லவில்லை. ஆனால் உன் அம்மா அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். நான் அதைத் திருத்தவில்லை. அவள் அழுதபோது எனக்குள் ஒரு ஆறுதல் வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

மிச்சமெல்லாம் உனக்குத் தெரியும். காதுக்குப் பின்னால் வெட்டி எலும்பைக் குடைந்தார்கள், தலையில் பெரிய கட்டோடு மூன்று கிழமை படுத்திருந்தாய். முகம் மெல்ல மெல்லத் திரும்பியது. களைத்துப்போனால் இன்றும் உன் சிரிப்பில் இடப்பக்கம் கொஞ்சம் தாமதமாக வருவது எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும் என்று நினைக்கிறேன். காதுக் கேள்வி திரும்பவில்லை. ஆறாம் ஆண்டில் புது வகுப்பாசிரியர் உன்னை முன் வரிசையில், வலது காது தன் பக்கம் இருக்கும்படி உட்கார வைத்தார். அந்தத் தவணையே நீ கை உயர்த்திப் பதில் சொல்லத் தொடங்கினாயாம். நல்ல சிங்களம் என்றார் அவர். உனக்குச் சிங்களம் எப்போதோ வந்துவிட்டது. நான்தான் கேட்காத பக்கத்திலிருந்து வாசித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

எது காரணம் என்று நான் எத்தனையோ தடவை கணக்குப் பார்த்துவிட்டேன். எண்ணெயா, பஞ்சா, ஹந்தானைப் பனியா, மகாவலியில் நான் உன்னைக் குளிக்கக் கூட்டிப்போன ஞாயிற்றுக்கிழமைகளா, அலுமாரித் துண்டா? பிறகு ஒரு கிளினிக் நாளில் தயங்கித் தயங்கி டாக்டரிடம் கேட்டேன், எட்டு மாதம் முன்னால் வந்திருந்தால் காது தப்பியிருக்குமா என்று. சொல்ல முடியாது, முகம் தப்பியிருக்கலாம், கேள்வியிலும் கொஞ்சம் மிஞ்சியிருக்கலாம் என்றார். சொல்ல முடியாது என்ற முதல் பாதியை வைத்துக்கொண்டு சில வருடம் தூங்கினேன். இப்போது இரண்டாவது பாதி மட்டும்தான் கேட்கிறது.

உன் கல்யாணத்தன்று நீ தாலி கட்டியதும் ஐயர் ஷாலினியை எழுப்பி உன் இடப்பக்கம் மாற்றி உட்கார வைத்தார். இந்தப் பிள்ளை ஆயுசு முழுக்கக் கேட்காத காதுக்குப் பேசப்போகிறதே, பெண் வீட்டில் நான் எதையும் விளக்கமாகச் சொல்லவில்லையே என்று தவித்துக்கொண்டு நின்றேன். ஷாலினி உன் தோளைத் தட்டினாள், நீ முகத்தைத் திருப்பும் வரை காத்திருந்து ஏதோ சொன்னாள், நீ சிரித்தாய். நீ அவளிடம் எல்லாம் முதலிலேயே சொல்லியிருக்கிறாய் என்று அப்போது விளங்கியது. பழகிய சில மாதத்தில் நீ உன் பெண்டாட்டியிடம் சொன்னாய். நான் என் பெண்டாட்டியிடம் இருபத்துமூன்று வருடமாகச் சொல்லவில்லை. உனக்கு நான் புத்தி சொல்ல வேண்டிய கடிதம் இது, எழுதிப் பார்த்தால் தலைகீழாக இருக்கிறது.

மித்ராவின் தலையை உன் அம்மா வாரிவிடுவதில்லை, கவனித்திருக்கிறாயா? எண்ணெய்ப் போத்தலை எடுத்து ஷாலினியிடம் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விடுவாள். குளிக்க வார்ப்பதுமில்லை. பேத்தியிடம் ஆசையில்லாதவள் என்று ஷாலினி நினைத்திருக்கக்கூடும். அவளுக்குத் தன் கையைக் கண்டால் பயம். நீங்கள் இருந்த நாட்களில் மித்ராவின் காதில் பஞ்சைக் கண்டதிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவுமில்லை.

நீங்கள் வெளியே போயிருந்த நேரம் நான் மித்ராவைச் சோதித்துப் பார்த்தேன், மன்னித்துக்கொள். டி.வி.யை நிறுத்திவிட்டு, அவள் படம் கீறிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து கூப்பிட்டேன். வலப்பக்கம் கூப்பிட்டால் உடனே திரும்பினாள். இடப்பக்கம் கூப்பிட்டால் இல்லை. மறுபடி செய்தேன், இடப்பக்கமும் திரும்பினாள். மூன்றாம் தடவை எந்தப் பக்கத்துக்கும் திரும்பவில்லை, படத்தில் மூழ்கிவிட்டாள். இதிலிருந்து என்ன முடிவுக்கு வருவது? வெறும் தடிமனாக இருக்கலாம். நான் பழைய பேயைக் கண்டு பயப்படுகிறவனாக இருக்கலாம். ஆனால் இந்தத் தடவை என் முடிவு யாருக்கு வேண்டும்? காதைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர்கள் பார்க்கட்டும். தெரியாது என்பதுதான் டாக்டரிடம் போவதற்குக் காரணம் என்று எனக்கு அப்போது தெரிந்திருக்கவில்லை. சொட்டு மருந்துக்கு நின்றுவிட்டதே என்று சும்மா இருக்காதே, கேட்கும் சக்தியை அளக்கும் சோதனையையும் செய்யச் சொல். அதற்குள் காதுக்குள் எண்ணெய் வேண்டாம், தண்ணீர் போக வேண்டாம். ஜனவரியில் பள்ளிக்கூடம் என்று தள்ளிப்போடாதே. நான் போட்டேன்.

இதுவரை எழுதியது நேற்று. எழுதி முடித்ததும் ஒன்று விளங்கியது. உனக்குச் சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்ல வேண்டிய ஆள் குசினியில் போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தாள். போய் அவளுக்கு எதிரே உட்கார்ந்து, டாக்டர் துண்டு தந்த இடத்திலிருந்து வாசித்தேன். அவள் நறுக்கிக்கொண்டே இருந்தாள். கேட்கிறாளா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. முடித்த பிறகு கத்தியைக் கீழே வைத்தாள். “அந்தத் துண்டு எங்க?” என்றாள். எடுத்து வந்து கொடுத்தேன். மடிப்பெல்லாம் மஞ்சளாகிவிட்டது. டாக்டரின் இங்கிலீஷ் கிறுக்கல் அவளுக்கு வாசிக்க முடியாது. தேதி எது என்று கேட்டாள், காட்டினேன். விரலை மடக்கி மாதங்களை எண்ணினாள். இரண்டு தடவை எண்ணினாள். பிறகு சொன்னாள், “நான் அந்த டாக்டரம்மாகிட்ட சொன்னப்ப நீங்க பக்கத்துலதானே நின்னீங்க.”

இரவு சோறு போட்டாள், தட்டை நகர்த்தி வைத்துவிட்டுப் போனாள். இன்று காலையில் பார்த்தால், பயணப் பையில் இரண்டு சாரி, அதன் மேல் அவளுடைய சீப்பு, மித்ராவுக்கென்று எப்போதோ வாங்கி, கட்டிவிடாமல் வைத்திருந்த சிவப்பு ரிபன். “வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸுல போறோம். பிள்ளைக்கு நான்தான் தலை பின்னிக் கூட்டிட்டுப் போவேன்” என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். அலுமாரியைத் திறந்து அந்தத் தலையணை உறையை நானே எடுத்து அவளிடம் கொடுத்தேன். முகர்ந்து பார்த்தாள். கொண்டுபோய்த் துவைத்துக் காயப் போட்டுவிட்டாள்.

ஆகவே வெள்ளிக்கிழமைக்கு ஒரு காது டாக்டரிடம் நேரம் எடுத்து வை. குட்ஷெட் பஸ் நிலையத்தில் முதல் பஸ் ஏறினால் பத்து மணிக்கு முன்னால் வந்துவிடுவோம். பஸ்ஸில் உன் அம்மா என் பக்கத்தில் உட்காருவாளா என்று தெரியாது. வந்து இறங்கும்போது வேறு வேறு வாசலால் இறங்கினால் ஒன்றும் கேட்காதே. அது எங்களுக்குள் தீர வேண்டியது, தீருமா என்பதும் எனக்குத் தெரியாது. அந்தத் துண்டை இந்தக் கடிதத்தோடு வைத்து இன்றைக்கே கூரியரில் அனுப்புகிறேன். அது உன்னுடையது. கிழிப்பதா வைத்திருப்பதா என்று நீ முடிவு செய். நான் வாங்கி வைத்த காகிதங்களில் இது ஒன்றுதான் உரியவரிடம் போய்ச் சேராமல் கிடந்தது.

இதை வாசித்து முடித்ததும் எனக்குப் போன் எடுக்க வேண்டாம். நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியவில்லை, நீ ஒன்றும் சொல்லாவிட்டால் அது எதனால் என்றும் எனக்குத் தெரியப்போவதில்லை. அதற்கு நான் தகுதியானவன்தான். கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு மித்ராவிடம் போ. நான் செய்த மாதிரிப் பின்னால் நின்று சோதிக்காதே. அவள் முகத்துக்கு நேரே கீழே உட்கார்ந்து, அப்பா எந்தப் பக்கம் வந்து பேச வேண்டும் என்று கேள். அவள் எந்த மொழியில் சொன்னாலும், அந்தப் பக்கம் எழுந்து போய் உட்கார்.

அன்புடன்,
அப்பா